மாயா நாட்டுப் படமும் நடுச்சுவரும்

சாந்தன்பாறை ஏலக்காய்த் தோட்டத்து லயத்து வரிசைவீடுகளில் எங்கள் வீட்டுக்கும் ஜார்க்கண்டிலிருந்து வேலைக்கு வந்த பூல்மணி வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்தான். ஆனாலும் ஒரு வருஷமாகப் பேச்சே இல்லை. அவள் பாஷை தெரியாதே, என்ன பேசுவது என்று இருந்துவிட்டேன்.

மழையால் வேலை நின்ற ஒரு மத்தியானம், மெக்சிகோ பக்கம் பழங்காலத்தில் வாழ்ந்த மாயா மக்களின் கதையைச் சொல்லும் படம் ஒன்றை மகள் டிவியில் போட்டாள். அவர்கள் பேசியது எங்களுக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. சத்தம் கேட்டு, நிறைமாதக்காரியான பூல்மணி வாசலில் வந்து நின்றாள்.

"உள்ள வா தாயி" என்று பாயைக் காட்டினேன்.

படத்தில், எதிரிகளிடமிருந்து தப்பியவன் காட்டுக்குள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிறான். அவன் ஒளித்துவைத்த கர்ப்பிணி மனைவி குகையில் தனியாக வலியில் துடிக்கிறாள். வெள்ளம் ஏறுகிறது. பூல்மணி என் கையை இறுகப் பிடித்தாள். அவள் புருஷனும் அப்போது ஊருக்குப் போயிருந்தான்.

"பயப்படாத. நான் இருக்கேன்ல."

"அக்கா" என்றாள். அவளுக்குத் தெரிந்த ஒரே தமிழ் வார்த்தை.

திரையில் குழந்தை அழுததும் இருவரும் சேர்ந்து சிரித்தோம்.

அடுத்த வாரம் விடியற்காலையில் நடுச்சுவரில் தட்டும் சத்தம் கேட்டது. நானும் பதிலுக்குத் தட்டிவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போக ஜீப்புக்குச் சொல்லும்படி மகளை எழுப்பினேன்.

இப்போது அந்தச் சுவரை ஒரு குட்டிக் கை தட்டுகிறது. அடுப்பில் என்ன இருந்தாலும் சரி, நான் திருப்பித் தட்டாமல் இருப்பதில்லை.