காயாத வார்னிஷ்

கீழ்வேளூர்ப் பக்கத்து மிராசுதார் சாரங்கபாணிக்கு மரச்சாமான்கள்மேல் இத்தனை அக்கறை உண்டென்பது அந்த ஐப்பசியில்தான் ஊருக்குத் தெரிந்தது. தாசில்தார் கூலிப் பேச்சுவார்த்தையை அவர் வீட்டுக் கூடத்தில் வைத்திருந்தார். சென்னையில் ஆட்சி மாறியிருந்தது; கூலியாட்களைத் தரையில் உட்காரச் சொல்ல இனி முடியாது. விவசாயத் தொழிலாளர் சங்கத்து வீரையன் தன் எதிரே நாற்காலியில் உட்காருவான் என்ற நினைப்பில் மிராசுதாருக்குச் சோறு இறங்கவில்லை.

பாலிஷ் போடும் முருகையனை வரவழைத்து, கூடத்து நாற்காலிகளுக்கு எதை அடிக்கலாம் என்று கேட்டார்.

"அரக்கு பாலிஷ் சீக்கிரம் காஞ்சிடுங்க. ஆனா ஈரம் பட்டா வெளுத்துடும். வார்னிஷ் தண்ணி தாங்கும், ஆனா இந்த மழையில லேசுல காயாதுங்க."

"அதையே அடி. நாளைக்கே அடி. என் சாய்வு நாற்காலியை மட்டும் விட்டுடு."

முருகையன் இப்படியொரு வாடிக்கைக்காரரை அதுவரை பார்த்ததில்லை.

அடித்த மறுநாளே பேச்சுவார்த்தை. நாற்காலிகள் பளபளத்தன. தொட்டால் விரலில் ஒட்டின. "மழைக்காலம் பாருங்க, வார்னிஷ் காயலை" என்று மிராசுதார் மிகுந்த வருத்தத்தோடு கைவிரித்தார். சங்கத்து ஆட்கள் தரையில் உட்கார்ந்தார்கள். அவருக்கு மனம் குளிர்ந்தது.

தாசில்தார் ஒவ்வொரு நாற்காலியாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, காய்ந்திருந்த ஒரே நாற்காலியில் சாய்ந்துகொண்டார். மிராசுதார் நின்றார்.

வீரையன் சற்று நகர்ந்து இடம் விட்டார்.

"இப்படி உக்காருங்கய்யா. தரை நல்லா காஞ்சிருக்கு."