வேர் விட்ட வளையம்

அக்கா அதை இரண்டு கைகளிலும் ஏந்தியபடி எங்கள் படலையைத் திறந்து வந்த காலை இன்னும் கண்ணில் நிற்கிறது. எனக்குப் பெண் குழந்தை பிறந்து முப்பத்தோராம் நாள். பேற்றுத் தீட்டான துடக்கைக் கழிக்க வந்த உறவினர்களால் வீடு நிறைந்திருந்தது. அவர் கொண்டுவந்தது ஒரு செடி வளையம். காட்டுக்கொடியை வட்டமாக வளைத்து, நனைத்த தேங்காய்த் தும்பும் மண்ணும் வைத்து, சாக்கு நூலால் இறுகச் சுற்றி, அதற்குள் பத்துமணிப் பூச்செடிகளை வேரோடு நட்டிருந்தார். வெயில் ஏற ஏறச் சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கள் விரிந்துகொண்டிருந்தன.

அக்கா என்றாலும் உறவு இல்லை. எழுபத்தேழுக் கலவரத்தில் மலைநாட்டில் வீட்டை எரித்துத் துரத்தியபோது, கணவரோடும் மகளோடும் கிளிநொச்சிக்கு வந்து எங்கள் வளவுக்கு அடுத்த காணியில் கொட்டில் போட்டவர். அடுத்த வருடம் நான் யாழ்ப்பாணத்திலிருந்து மருமகளாக வந்தேன். கதைக்க ஆளில்லாத எனக்கு வேலிப் பொட்டும் அந்த இடைவெளிக்கு அப்பால் அவருடைய முகமும்தான் துணை. கொட்டிலுக்குக் கதவு இல்லை, சாக்குத்தான் தொங்கியது. அதற்கு மேலே எப்போதும் ஒரு பச்சை வளையம் இருக்கும். தேயிலைத் தோட்டத் துரையின் பங்களாவில் பூச்செடி பார்த்த கை. அங்கே பாசி வைத்துக் கட்டுவார்களாம். இங்கே, இரணைமடு வெயிலில் பாசிக்கு எங்கே போவது?

அன்று வாசலில் மாமி அவரை மறித்தார்.

"பிள்ளை பிறந்த வீட்டுக்குச் செத்த வீட்டு வளையமே கொண்டு வாறாய்?"

"இது பறிச்ச பூ இல்லீங்கம்மா. உசுரோட இருக்கிற செடி. பாப்பாவுக்குன்னு கட்டினேன்."

"எனக்குக் கதை சொல்லாதை. எடுத்துக்கொண்டு போ."

அக்கா என்னைப் பார்த்தார். நான் மடியில் கிடந்த குழந்தையின் சட்டையைச் சரிசெய்தேன். சட்டை சரியாகத்தான் இருந்தது.

அவர் அதை எறியவில்லை. நான் சமைக்கும் குசினிக்கு நேரே, தன் பக்கத்து வேலிக் கதியாலில் மாட்டித் தினமும் தண்ணீர் தெளித்தார். ஆனால் பொட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டார். நாளைக்குக் கதைப்போம், நாளைக்குக் கதைப்போம் என்று நானும் இரண்டு மாரியைக் கடத்தினேன். மூன்றாம் மாரியில் அவருக்கு மலேரியாக் காய்ச்சல் வந்தது. ஒரு கிழமை வேலியில் தண்ணீர் தெளிக்கும் சத்தம் கேட்கவில்லை. எட்டாம் நாள் ஒப்பாரி கேட்டது.

அவர்கள் வழக்கப்படி புதைத்தார்கள். மறுநாள் நானே ஒரு கொடியை வளைத்தேன். இரண்டு முறை முறிந்தது. தும்பு பிதுங்க, கோணலாக ஒன்று வந்தது. அதில் பத்துமணிச் செடிகளை நட்டேன். எங்கள் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. "எங்கை போறாய்?" என்று மாமி கேட்டார். சொன்னேன். ஏனோ அவர் மறிக்கவில்லை.

அக்காவின் மகள் மண்மேட்டருகே இருந்தாள். பதின்மூன்று வயது இருக்கும். நான் வளையத்தை வைத்து, அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்துவிட்டேன் என்று அழுதேன்.

"அம்மா உங்கள ஒண்ணும் சொல்லலக்கா," என்றாள். "நாங்க இங்க வர்ற வழியில தங்கச்சிப் பாப்பா செத்துப்போச்சு. லாரிய நிப்பாட்டல. ரோட்டோரமா வச்சிட்டு வந்துட்டோம். அதுக்கு ஒண்ணும் செய்யலையேன்னு அம்மா சொல்லிக்கிட்டே இருக்கும். உங்களுக்குப் பொம்பளப் புள்ளன்னதும் மூணு நாளு உக்காந்து கட்டுச்சு."

வேலிப் பொட்டில் நின்று அவர் என்னோடு எத்தனையோ கதைத்திருக்கிறார். இதை மட்டும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அன்று நான் வாய் திறந்திருப்பேனா? திறந்திருப்பேன் என்று என்னால் இன்றும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அந்த மாரி முழுக்க வாளியோடு போய்வந்தேன். கொடி உக்கிப்போக, செடி மண்ணில் வேர்விட்டு மேட்டை மூடியது. பிறகு நாட்டில் சண்டை வந்தது. ஆளுக்கொரு திசையாக ஓடினோம். அந்தப் பிள்ளை எங்கே போனாள் என்று எனக்குத் தெரியாது. இப்போது என் மகளுக்கே மகள் இருக்கிறாள். அக்காவைப் பற்றி என் மகளுக்கு நான் இன்னும் சொல்லவில்லை.