துரையின் சிவப்புக் கார்

என் அவர் திருகோணமலைத் துறைமுகத்தில் தீயணைப்புப் படைப் பெரிய துரையின் கார் ஓட்டினார். எங்காவது தீப்பிடித்தால் தண்ணீர் லொறிக்கு முன்னால் போவது அந்தச் சிவப்புக் கார்தான். துரை இறங்கிப் போனாலும் சாரதி இறங்கக்கூடாது. எந்த நேரமும் புறப்பட ஆயத்தமாக இருக்க வேண்டும். தீ இல்லாத நாளிலும் அதுதான் சட்டம்.

எங்களுக்குக் கலியாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்த நேரத்தைவிட அந்தக் காரைத் துடைத்த நேரம் அதிகம். "உங்கட மூத்த தாரம் சுகமே?" என்று கேட்பேன். "ஓம், அவ வாய் காட்டமாட்டா," என்பார்.

கொழும்பில் ஜப்பான்காரனின் குண்டு விழுந்ததும் எங்கள் ஊரும் காலியாகத் தொடங்கியது. என்னை வளைகுடாவுக்கு அந்தப் பக்கம், மூதூரை அடுத்த கட்டைபறிச்சானில் இருந்த அக்கா வீட்டுக்கு அனுப்ப முடிவாயிற்று. அவருக்கு லீவு இல்லை. "துரை பின்னேரம் இறங்குதுறைக்கு வருவார். தோணி வெளிக்கிட முன்னம் உம்மை வந்து பார்க்கிறன்," என்று காலையில் சொல்லிவிட்டுப் போனார்.

இறங்குதுறையில் மூட்டையின்மேல் உட்கார்ந்து வீதியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தரம் பார்த்துவிட்டால் போதும் என்றிருந்தது. சிவப்பாக ஒன்றும் வரவில்லை. சாம்பல் நிறக் கார் ஒன்று வந்து சற்றுத் தள்ளி நின்றது. சாம்பல் நிறமென்றால் கடற்படைக்காரர். அவர்களுடைய வண்டி நின்றால் பெண்கள் முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டு மறுபக்கம் திரும்பிவிடுவோம். நானும் திரும்பினேன். கார் இரண்டு மூன்று தரம் ஹோர்ன் அடித்தது. எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. இன்னும் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தேன். பிறகு தோணி வெளிக்கிட்டது. மூதூர்க் கரை தெரியும்வரை அழுதேன்.

இரண்டு நாள் கழித்து, நாங்கள் காக்கா என்று கூப்பிடும் தோணிக்கார முஸ்லிம் அண்ணன் அக்கா வீட்டு வாசலுக்கு வந்து சிரித்தார்.

"தங்கச்சி, உங்கட அவர் கோவமா இருக்கார். ஆகாயத்தில இருந்து தெரியக்கூடாதெண்டு அண்டைக்குக் காலமதான் காருக்குச் சாம்பல் பெயின்ற் அடிச்சவங்களாம். ஹோர்ன் அடிச்சும் நீங்க திரும்பிப் பார்க்கல்லயாம். இறங்க ஏலாம உங்கட முதுகையே பார்த்துக்கொண்டு இருந்தாராம்."

தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா?

"பெண்சாதியைப் பார்க்க வாறவர் இறங்கி வரவேணும், காரைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு இருக்கக்கூடாதெண்டு சொல்லுங்கோ காக்கா," என்றேன்.

மறுநாள் காலை திருகோணமலையில் குண்டு விழுந்தது. எண்ணெய்த் தாங்கி எரிந்த புகை வளைகுடாவுக்கு இந்தப் பக்கம் எங்களுக்கும் தெரிந்தது. எரிகிற இடத்துக்கு முதலில் போவது எந்த வண்டி என்று எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. காரும் திரும்பவில்லை, அவரும் திரும்பவில்லை.

காரியங்கள் முடிந்தபின் காக்காவைக் கண்டு, நான் சொன்னதை அன்றைக்கே அவரிடம் சொன்னீர்களா என்று கேட்டேன்.

"சொன்னனான் தங்கச்சி. விழுந்து விழுந்து சிரிச்சார்," என்றார், தோணிக் கயிற்றைப் பார்த்தபடி.

காக்கா பொய் சொல்பவரல்ல. இத்தனை வருஷமாக அதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.