கொட்டாவி விட்ட கடலை

மலேசியாவில், எங்கள் கெடா மாநிலத்தில் ஞாயிற்றுக்கிழமைதான் பள்ளி வாரம் தொடங்கும். அந்த ஞாயிறு, கோலா கெத்தில் பக்கம் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு முன்னால் போய் நின்றேன். வகுப்பாசிரியை பிரசவ விடுப்பில் இருந்தார். நான் தற்காலிக ஆசிரியை. பயிற்சி என்று எதுவும் இல்லை, வாய் மட்டும் உண்டு.

அறிவியல் பாடம், விதை முளைப்பது. "நாளைக்கு ஆளுக்குக் கொஞ்சம் பயறு கொண்டாங்க" என்றேன்.

"பயறுன்னா என்னா டீச்சர்?"

"கச்சாங் லா!" என்று மலாயில் சொன்னேன். எல்லார் முகமும் தெளிந்தது. என் முகமும்தான்.

திங்கட்கிழமை பிளாஸ்டிக் கோப்பையில் ஈரப்பஞ்சு வைத்தோம். தண்ணீர் மேசையில், சட்டையில், என் சேலையில். யார் எந்த விதையைப் புதைத்தார்கள் என்று நான் எங்கே பார்த்தேன்! முளைத்த கோப்பைதான் வியாழக்கிழமை சன்னல் திட்டில் ஏறும் என்று மட்டும் சொல்லி வைத்தேன். முன் வரிசைச் சிறுமி ஒருத்தி தன் கோப்பையை இரு கைகளாலும் அணைத்துக்கொண்டாள்.

"என்னோடதுதான் மொதல்ல ஏறும். எங்கப்பாகிட்ட இருக்கிறதுலயே நல்லதா பொறுக்குனேன்."

செவ்வாய் காலை வகுப்பே கத்தியது. பச்சைப்பயறு தோல் வெடித்து வெள்ளையாய் எட்டிப் பார்க்கிறது. "டீச்சர், கொட்டாவி விடுது!" என்றான் ஒரு பையன். எந்தப் புத்தகத்தில் இருக்கிறது இப்படி ஒரு சொல்! அப்படியே பலகையில் எழுதினேன்.

முன் வரிசைச் சிறுமியின் கோப்பையில் மட்டும் அசைவில்லை. சுற்றி எறும்பு.

"உன் கச்சாங் செத்துப்போச்சி" என்றான் அதே பையன்.

"வாய மூடுடா. தூங்குது."

பஞ்சை விலக்கினேன். உள்ளே வறுத்த நிலக்கடலை, உப்போடு. அவளுடைய அப்பா பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் கச்சாங் பூத்தே, அதாவது வறுத்ததும் அவித்ததுமாய்க் கடலை, விற்பவர். மலாயில் பயறும் கச்சாங்தான், கடலையும் கச்சாங்தான்; நான் கச்சாங் என்றேன், அவள் வீட்டுக் கச்சாங்கைக் கொண்டு வந்துவிட்டாள். அவள் உதடு பிதுங்கியது. "தப்பு டீச்சரோடதும்மா" என்றேன். அவள் கேட்கவில்லை. கண் சன்னல் திட்டிலேயே இருந்தது.

மதியம் அவளை அழைத்துப்போக வந்த அப்பாவிடம் நடந்ததைச் சொன்னேன். மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்தபடியே அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "நான் வித்த கச்சாங் மொளச்சா எவன் டீச்சர் வாங்குவான்?" பிறகு மகளைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். "வறுத்தது உசுரு போனது, கண்ணு. ராத்திரி அவிக்கிறதுக்குக் கொண்டக்கடல ஊறப் போடுவேன்ல? அதுல எடுத்துட்டுப் போ."

புதன்கிழமை ஊறிக் கொழுத்த கொண்டைக்கடலையோடு வந்தாள். ஒரே நாளில் முளைக்குமா? எனக்குத் தெரியாது. எங்கேயும் படித்ததில்லை. அன்று இரவு அவளைவிட எனக்குத்தான் பதற்றம் அதிகம்.

வியாழன் காலை நான் போவதற்குள் வகுப்பு வாசலில் அவள் குரல்.

"டீச்சர்! விட்டிடுச்சி! கொட்டாவி விட்டிடுச்சி!"

கடலையின் மூக்கு நுனியில் வெள்ளையாய் ஒரு துளி. நான் அவளைத் தூக்கிப் பிடித்தேன். மற்றவர்களின் கோப்பைகளை ஓரமாய்த் தள்ளிவிட்டு, திட்டின் நடுவில் தன்னுடையதை வைத்தாள்.

பயறெல்லாம் பொடிசாய்த் தெரிந்தது அதன் பக்கத்தில். அந்தப் பையன் அண்ணாந்து பார்த்தான். "ஏய், எனக்கும் ஒன்னு குடேன், மொளைக்கப் போடறதுக்கு."

"பாசார் மாலாமுக்கு வந்து வாங்கிக்கடா" என்றாள்.