திரும்பி வருவதற்கான விதி

பட்டியல் போடாமல் எனக்கு எந்த வேலையும் ஓடாது. மதுரையில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியனாக இருக்கிறேன். கொரோனாவின் இரண்டாவது அலை தணிந்துகொண்டிருந்த மாதங்களில், பயணம் போகிறவர்களின் சளி மாதிரிகள்தான் எங்களுக்கு அதிகம் வந்தன. போனை எடுத்தால் ஒரே கேள்வி. ரிப்போர்ட் செல்லுபடியாகும் எழுபத்திரண்டு மணி நேரம் என்பது சளி எடுத்த நேரத்திலிருந்தா, ரிசல்ட் வந்த நேரத்திலிருந்தா? காலையில் ஒரு பதில் சொல்வேன். மதியம் யாராவது வேறொரு சுற்றறிக்கையை அனுப்புவார்கள், மாற்றிச் சொல்வேன். இந்தக் குழப்பத்துக்கு நடுவில்தான் அப்பாவைத் தேக்கடிக்கு அழைத்துப்போக நினைத்தேன்.

அப்பா இருபது வருடம் டூரிஸ்ட் வேன் ஓட்டியவர். எத்தனையோ குடும்பங்களைத் தேக்கடியில் இறக்கிவிட்டிருக்கிறார். ஆனால் அந்த ஏரியில் அவர் படகேறியதில்லை. சவாரி வந்தவர்கள் படகேறப் போனால் டிரைவர் வண்டியோடு இருக்க வேண்டும். படகு கிளம்பியதும் வீட்டுக்குப் போன் செய்வார். “போட் போயிருச்சு” என்பார். சாப்பிட்டாரா என்று அம்மா கேட்பாள். அதற்குமேல் பெரிதாக ஒன்றும் பேச மாட்டார்கள்.

முதல் ஊரடங்கில் ஓட்டமில்லாமல் வேனை விற்றார். அதன்பிறகு வில்லாபுரத்தில் எங்கள் வீட்டு வாசலில், வேன் நின்ற இடத்தில் யாராவது பைக்கை நிறுத்தினால்கூட எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை தேக்கடி போய்விட்டு அன்றைக்கே திரும்பிவிடலாம், இந்த முறை நீங்கள்தான் சவாரி என்றேன். சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மறுநாள் முடி வெட்டிக்கொண்டு வந்தார்.

பட்டியல் போட்டேன். கேரளாவுக்குள் போக ஒரு தவணை ஊசி போட்டு இரண்டு வாரம் ஆகியிருந்தால் போதும் என்று இருந்தது. எனக்கும் அம்மாவுக்கும் இரண்டும் முடிந்திருந்தன. கூட்டம் குறையட்டும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்த அப்பாவுக்கு ஒன்றுதான். அதுவே போதும். இணையத்தில் பதிவு செய்தேன். சான்றிதழ்கள், ஆதார் நகல்கள், பதினொன்றேகால் படகுக்கு மூன்று டிக்கெட்டுகள். எல்லாவற்றையும் ஒரு நீல ஃபைலில் வைத்து, பட்டியலில் ஒவ்வொன்றாக டிக் அடித்தேன்.

மாமாவின் காரை வாங்கிக்கொண்டு விடியும்போது கிளம்பினோம். நான் ஓட்டினேன். அப்பா பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, ஒவ்வொரு வளைவிலும் இல்லாத பிரேக்கை மிதித்தார். லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறும்போது, எந்த வளைவில் ஹாரன் அடிக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

குமுளியில், எல்லைக்கு முன்னால் தமிழ்நாட்டுப் பக்கத்தில் நின்ற போலீஸ்காரர் ஃபைலை வாங்கிப் புரட்டினார். அப்பாவின் சான்றிதழில் நிறுத்தி, குனிந்து அவரைப் பார்த்தார்.

“அண்ணே, போறதுக்கு ஒண்ணும் இல்ல. திரும்பி வாரப்பதான் நம்ம ஆளுகளே விட மாட்டாங்க. அங்கயிருந்து வாரதுக்கு ரெண்டு ஊசி வேணும், இல்லாட்டி டெஸ்ட் எடுத்த பேப்பரு.”

எனக்கு முதலில் புரியவில்லை. நாங்கள் மதுரைக்காரர்கள், வீட்டுக்குத்தானே திரும்புவோம் என்றேன். அதற்கும் அதே விதிதானாம். நடந்தே அந்தப் பக்கம் போய் மேசை போட்டிருந்த சுகாதார ஊழியரிடம் கேட்டேன். எங்கள் காகிதங்கள் எல்லாம் சரி, தாராளமாக வரலாம், திரும்புவது உங்கள் ஊர் விஷயம் என்றார். போனில் தேடினேன். இரண்டு சுற்றறிக்கைகள் கிடைத்தன. ஒன்றில் அந்த விதி இருந்தது, மற்றதில் இல்லை. எது பிந்தியது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. மறித்தால் என்ன ஆகும் என்று போலீஸ்காரரிடமே கேட்டேன்.

“அது எனக்கும் தெரியாதும்மா. காலையில ஒண்ணு சொல்றாங்க, மத்தியானம் ஒண்ணு சொல்றாங்க.”

பட்டியலை மறுபடி பார்த்தேன். எல்லாமே உள்ளே போவதற்கானவை. வெளியே வருவதற்கென்று ஒரு வரிகூட இல்லை. தினமும் யார் யார் மூக்கிலோ குச்சியை விடுகிற எனக்கு, அப்பாவுக்கு ஒரு சளி மாதிரி எடுக்கத் தோன்றவில்லை. இனி எங்கே கொடுத்தாலும் ரிசல்ட் வர மறுநாள் ஆகிவிடும்.

காருக்கு வந்து சொன்னேன். அப்பா ஃபைலை வாங்கிப் பார்க்கவில்லை.

“நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க பாப்பா. நான் வண்டியில இருக்கேன். எனக்கென்ன, புதுசா?”

“இம்புட்டு வருசம் இருந்தது பத்தாதாக்கும்” என்றாள் அம்மா. சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு இறங்கி, சாலையோரப் பாலத்தின் கட்டையில் உட்கார்ந்துகொண்டாள். “நான் எங்கயும் போகல.”

அப்பாவும் இறங்கிப் போய் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். நான் ஸ்டியரிங் முன்னால் இருந்தபடியே இரண்டு சுற்றறிக்கைகளையும் மாற்றி மாற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். துணிந்து போய்விடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றும். மறித்துவிட்டால் அப்பாவை எங்கே தங்க வைப்பது என்று அடுத்த நிமிடம் தோன்றும். அப்படியே பதினொன்றேகால் ஆகிவிட்டது.

அம்மாவின் பைக்குள் போன் அடித்தது. எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். இரண்டு கை தூரத்தில் அப்பா மலையைப் பார்த்தபடி போனைக் காதில் வைத்திருந்தார்.

“போட் போயிருச்சு” என்றார்.

அம்மாவும் போனைக் காதில் வைத்துக்கொண்டாள். “சாப்டீங்களா?”

“இன்னும் இல்ல. என்ன கொண்டாந்திருக்க?”

போனைக் காதிலிருந்து எடுக்காமலே அம்மா பையைப் பிரித்துப் பார்த்தாள். “புளிச்சோறு” என்றாள்.