அரக்குச் சேலை, பச்சைத் துணி

கோயமுத்தூர் ஆர்.எஸ்.புரத்தில் பட்டுக்கடைகளுக்குப் பின்னால் ஒரு குறுக்குச் சந்து. அங்கே, கார் நிறுத்துவதற்கென்று கட்டிய அறையில் உட்கார்ந்து புவனா கல்யாண வீடியோக்களை எடிட் செய்கிறாள். கார் இன்னும் வாங்கவில்லை, அறை வீணாகவில்லை. கேமரா தூக்கி மண்டபம் மண்டபமாக அலைகிறவர்கள் வேறு ஆட்கள். அவர்கள் அள்ளிக்கொண்டு வருவதை வெட்டி, ஒட்டி, மனிதர்கள் பார்க்கிற மாதிரி ஆக்கித் தருவது இவள் வேலை.

இந்த வேலையில் ஒரு விசித்திரம் உண்டு. கொங்கு நாட்டில் பாதிப்பேரை அவளுக்குத் தெரியும். அவர்கள் யாருக்கும் அவளைத் தெரியாது. ஒரு முறை மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் பாக்கு வியாபாரி ஒருவரைப் பார்த்து, நெடுநாள் பழகியவள் போல, "பல்லுக் கட்டிட்டீங்களாட்ட இருக்குதுங்க, நல்லா இருக்குது" என்று சொல்லிவிட்டாள். அவர் வாயை மூடிக்கொண்டு யோசித்தார். "நீ யாரு அம்மணி?" என்றார். உங்கள் மகன் கல்யாணப் பந்தியில் நீங்கள் முறுக்கைக் கடிக்க முடியாமல் தவித்ததை இருபது தடவை பார்த்தவள் என்று எப்படிச் சொல்வது? பஸ் வந்துவிட்டது, ஏறிப் போய்விட்டாள்.

வீடியோவை முடித்துப் பென்டிரைவில் போட்டுக் கொடுத்துவிடும் பழக்கம் அவளிடம் இல்லை. குடும்பத்தைக் கூப்பிட்டுப் பெரிய டிவி முன்னால் உட்காரவைப்பாள். அவர்கள் பார்த்துக்கொண்டே, "சின்னத்தை கொட்டாவி உடறாங்க, எடுத்துப்போடுங்க", "எங்க மாமன் மொகமே வரலீங்களே" என்பார்கள். அவள் அங்கேயே வெட்டுவாள், சேர்ப்பாள். சண்டை எல்லாம் அந்த அறைக்குள்ளேயே முடிந்துவிடும். பிறகு யாரும் போன் பண்ணிக் குறை சொல்வதில்லை.

அந்த டிவிக்குப் படம் அனுப்புவது கம்ப்யூட்டருக்குள் செருகியிருக்கும் ஒரு வீடியோ கார்டு. கம்ப்யூட்டரிலிருந்து நேராக டிவிக்கு ஒயரைச் செருகினாலும் படம் வரும். ஆனால் நிறம் தாறுமாறாக இருக்கும். கார்டு வாங்குவதற்கு முன்னால் ஒரு கல்யாணத்தில் அரக்குச் சேலை செங்கல் நிறத்தில் தெரிந்து, "நாங்க எடுத்த சேலை இதில்லீங்க, எங்கயோ மாத்தியிருக்காங்க" என்று பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டார் மேல் பாய்ந்தார்கள். சேலையை நேரில் கொண்டுவந்து காட்டித்தான் அந்தப் பேச்சு அடங்கியது. அதற்கு அடுத்த மாதமே புவனா கார்டு வாங்கினாள். "இந்தக் கார்டு இல்லாட்டி எனக்குக் கண்ணு இல்லாத மாதிரிதானுங்க" என்று கணவன் திருமூர்த்தியிடம் அடிக்கடி சொல்வாள். அதே ஊரில் கணபதிப் பகுதியில் மோட்டார் பட்டறை வைத்திருக்கும் திருமூர்த்தி ஒவ்வொரு முறையும் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார். கேட்டது மனசில் தங்கியிருந்தது என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

அந்த விஜயதசமிக்கு வரவேண்டியவர் சத்தியமங்கலத்து வாழைத்தோட்டக்காரர் திருமலைசாமி. ஆவணியில் அவர் மகள் மானசாவுக்குக் கல்யாணம். அதற்கு முந்தின வாரம் வாய்க்கால் மேட்டில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். ஆபரேஷன் செய்து தகடு வைத்தார்கள். முகூர்த்தத்தைத் தள்ளிப்போடக் கூடாது என்று அவரே படுக்கையிலிருந்து உத்தரவு போட்டுவிட்டார். அவர் இடத்தில் தம்பி நின்று தாரை வார்த்தார். அப்பன் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

"ஊரே பார்த்த கல்யாணத்த நான் ஒருத்தன்தான் பார்க்கலீங்க" என்று போனில் சொன்னார். "போன்ல காட்டறாங்க, எறும்பு ஊர்ற மாதிரி இருக்குது. பெருசாப் பார்க்கோணும். முகூர்த்தச் சேலை அரக்குலதான் எடுக்கோணும்னு கடையில மல்லுக்கட்டுனவன் நானுங்க. மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க ரோஸ்தான் வேணும்னு நின்னாங்க. அந்த அரக்கு என்ற புள்ளைக்கு எப்படி இருந்துச்சுன்னு பார்க்கோணும்."

"மண்டபத்துல முன்னால உக்கார்ந்து பார்த்த மாதிரியே காட்டறேனுங்க" என்று புவனா வாக்குக் கொடுத்தாள்.

விஜயதசமி நல்ல நாள், மத்தியானம் வருகிறோம் என்றார்கள். மறுநாள் மானசா கணவனோடு துபாய்க்குக் கிளம்புகிறாள். அப்பனும் மகளும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்க வேறு நாள் கிடையாது.

ஆயுத பூஜையன்று புவனா ஊரில் இல்லை. அவளுக்கு உதிரிகளைச் சேர்த்துக் கம்ப்யூட்டர் பூட்டிக் கொடுத்த மெர்வினின் தங்கை அமலிக்கு மேட்டுப்பாளையம் சர்ச்சில் கல்யாணம். போய்ப் பிரியாணி சாப்பிட்டுவிட்டுச் சாயங்காலம் திரும்பினாள். திருமூர்த்தி அதற்குள் வீட்டிலும் பூஜையை முடித்திருந்தார். சாமி கும்பிட்ட சாமானை அன்றைக்கு யாரும் தொடுவதில்லை. அதனால் விஜயதசமி காலையில், சூடம் காட்டிவிட்டுத்தான் கம்ப்யூட்டரைப் போட்டாள்.

கம்ப்யூட்டர் வந்தது. எடிட்டிங் சாஃப்ட்வேர் வந்தது. டிவி மட்டும் கறுப்பாக நின்றது. எந்தக் கார்டு வழியாகப் படம் அனுப்புவது என்று தேர்ந்தெடுக்கும் இடத்தில் கார்டின் பெயரே இல்லை.

அணைத்துப் போட்டாள். இல்லை. ஒயரை மாற்றினாள். இல்லை. சாஃப்ட்வேரைத் திட்டிப் பார்த்தாள். இணையத்தில் தேடியபோது, கார்டைக் கம்ப்யூட்டரோடு பேசவைக்கும் டிரைவர் புரோகிராம் புதிதாக இருந்தால் இப்படி ஆகும், பழையதைப் போடு என்று எவனோ எழுதியிருந்தான். போட்டாள். அப்போதும் இல்லை. இட்லி ஆறிப்போனது.

மெர்வினுக்குப் போன் போட்டாள்.

"நேத்துப் பிரியாணில உப்புக் கம்மின்னு சொல்லறதுக்குக் கூப்புட்டீங்களாக்கா?" தூக்கம் கலையாத குரல்.

"பிரியாணியெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. எடிட்டிங் சாஃப்ட்வேர்ல கார்டு தெரிய மாட்டேங்குது. சத்தியமங்கலத்துல இருந்து ஆளு கெளம்பிட்டாங்க."

"கார்டுக்குன்னு ஒரு சின்ன செட்டிங் புரோகிராம் இருக்குமில்லீங்கக்கா, அதத் தொறங்க. அதுலயாச்சும் தெரியுதா?"

"கார்டு எதுவும் செருகலேங்குது."

"அப்ப எடிட்டிங் சாஃப்ட்வேர எதுக்குங்கக்கா திட்டறீங்க? கம்ப்யூட்டருக்கே கார்டு இருக்கறது தெரியல, அது பாவம் என்ன பண்ணும்? பொட்டியத் தொறந்து பாருங்க. லூசாகியிருக்கும்."

"நீ பூட்டுனதுக்கப்பறம் யாரும் தொறக்கவே இல்லியே."

"தொறங்கக்கா, நான் லைன்லயே இருக்கேன்."

திருமூர்த்தி ஸ்குரூ டிரைவரோடு வந்து நின்றார். மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டுப் பக்கத் தகட்டைக் கழற்றினார்கள். உள்ளேயிருந்து முதலில் வந்தது சந்தன வாசம்.

காற்றாடியின் சட்டத்தில் ஒரு பொட்டு. மின்சாரப் பெட்டி மேல் ஒரு பொட்டு, நடுவில் குங்குமம். தூசு ஒரு பொட்டுக்கூட இல்லை. அறையே வெட்கப்படும் அளவுக்குச் சுத்தம். புவனா கார்டைப் பிடித்து மெல்ல உருவினாள். அடியில், கம்ப்யூட்டரோடு சேர்கிற தங்க நிறப் பற்கள் வரிசையாக இருக்க வேண்டும். அங்கே ஒரு முனையிலிருந்து மறு முனை வரை, காய்ந்து வெடித்த சந்தனப் பட்டை.

புவனா கணவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏனுங்க, இதென்னுங்க?"

"பட்டறையில லேத்துக்கு, இரும்பக் கவ்விப் புடிக்கற சக்குலதான் பொட்டு வெப்போம். எது முக்கியமோ அதுலதான வெக்கோணும்" என்றார் திருமூர்த்தி. அவருக்குக் கொஞ்சம்கூடத் தடுமாற்றம் இல்லை. "நீதான் இது உன்ற கண்ணுன்னு சொல்லுவ. அதான் கழட்டித் தொடச்சு, மத்ததுக்கெல்லாம் ஒரு பொட்டு, இதுக்கு மட்டும் பட்டையாப் போட்டுட்டேன்."

"கண்ணுக்குள்ள சந்தனத்த அப்பிட்டு, பார்வை தெரியலேன்னா எப்படித் தெரியும்?"

போனுக்குள் மெர்வின் சிரித்துச் சிரித்து இருமினான். "எங்க ஊட்டுல அம்மா சர்ச்சுல மந்திரிச்ச தண்ணி தெளிக்கும்கா. நான் பொட்டிய மூடிட்டுத்தான் தெளிக்க உடுவேன்."

திட்டிக்கொண்டிருக்க நேரமில்லை. கொரோனா காலத்தில் வாங்கிய ஸ்பிரிட் அலமாரியில் இருந்தது. பஞ்சை நனைத்து ஒரே பக்கமாகத் துடைத்தாள், முன்னும் பின்னும் தேய்க்காமல். ஒவ்வொரு இழுப்புக்கும் புதுப் பஞ்சு. ஊசி போடும் இடத்தைத் துடைப்பதும் இப்படித்தான். அழுக்கை இங்கிருந்து எடுத்து அங்கே பூசினால் துடைத்ததாக அர்த்தமில்லை. கார்டு செருகும் பள்ளத்தில் உதிர்ந்திருந்த சந்தனத் துகளை மெல்லிய பிரஷ்ஷால் தட்டி, லென்ஸுக்கு ஊதும் ரப்பர் பந்தால் ஊதினாள். திருமூர்த்தி பட்டறையிலிருந்து காற்று மெஷின் கொண்டுவரட்டுமா என்றார். "நீங்க டார்ச்சு மட்டும் புடிங்க" என்றாள்.

ஸ்பிரிட் உலரும் வரை பொறுத்துக் கார்டைச் செருகிப் போட்டாள். சின்ன செட்டிங் புரோகிராமில் கார்டின் பெயர் வந்துவிட்டது. எடிட்டிங் சாஃப்ட்வேரில் மட்டும் இன்னமும் இல்லை.

"காலையில வேற எதையாச்சும் மாத்துனீங்களாக்கா?" என்றான் மெர்வின்.

"டிரைவரைப் பழசாக்கினேன்."

"உங்க சாஃப்ட்வேர் புதுசு. பழைய டிரைவரோட பேசாது. புதுசையே மறுபடி போடுங்க."

முதல் கோளாறு சந்தனத்தால் வந்தது. இரண்டாவது, வைத்தியத்தால் வந்தது. ஆஸ்பத்திரிகளிலும் இது நடப்பதுதான்.

புது டிரைவர் இறங்கிக்கொண்டிருக்கும்போதே வாசலில் கார் நின்றது. திருமலைசாமி வாக்கரை ஊன்றி இறங்கினார். பின்னாலேயே அவர் மனைவி நாச்சியம்மாள், "படி ஏறும்போது நல்ல கால முதல்ல வெய்யுங்க, நல்ல கால" என்று சொல்லிக்கொண்டு வந்தார்.

"ரண்டும் என்ற காலுதான். எது நல்லதுன்னு எனக்குத் தெரியாதா?"

மெத்தென்ற சோபாவைக் காட்டிய திருமூர்த்தியை நாச்சியம்மாள் தடுத்தார். இடுப்பெலும்பு ஒட்டிவருகிறவரைத் தாழ்வான இடத்தில் உட்கார வைத்தால் எழுப்ப முடியாது. சாப்பாட்டு மேசை நாற்காலி வந்தது. அதன் மேல் ஒரு தலையணை. மானசா காலடியில் தரையில் உட்கார்ந்தாள்.

"டிவி கறுப்பா இருக்குதே அம்மணி" என்றார் திருமலைசாமி.

"டீ குடிங்க, வந்துருமுங்க" என்றாள் புவனா. வந்துவிடும் என்று அவளுக்கே நிச்சயமில்லை.

திருமூர்த்தி சும்மா இருக்காமல் விஷயத்தைச் சொல்லிவிட்டார். திருமலைசாமி கேட்டுவிட்டு, "நானும் நேத்து பம்ப்செட் சுச்சு போர்டுல பொட்டக் கொஞ்சம் உள்ள தள்ளி வெச்சுட்டேனாட்ட இருக்குது. இனி ஊட்டுக்குப் போயித்தான் பார்க்கோணும்" என்றார். இருவரும் ஒரே இனம் என்று தெரிந்துகொண்டு டீயை உறிஞ்சினார்கள்.

கம்ப்யூட்டர் மறுபடி எழுந்தது. எடிட்டிங் சாஃப்ட்வேரின் வரிசையில் கார்டின் பெயர் இருந்தது. புவனா அதைத் தொட்டாள். டிவி முழுக்க மானசா நின்றாள்.

அரக்கு அரக்காக இருந்தது. ஜரிகை மஞ்சளடிக்கவில்லை. திருமலைசாமி டம்ளரைக் கீழே வைத்தார்.

"ரோஸாம் ரோஸ்" என்றார். "பார்த்தீங்களா இத?"

அதற்குப் பிறகு கண்ணிமைக்காமல் பார்த்தார். சீர் சரியாக நடக்கிறதா, யார் யார் முன்னால் நிற்கிறார்கள், சொந்தத்தில் எந்த ஒறம்பரை வரவில்லை என்று எல்லாம் கணக்கெடுத்தார். தாரை வார்க்கும் இடம் வந்தது. அவர் நின்றிருக்க வேண்டிய இடத்தில் தம்பி நின்றார். நாச்சியம்மாள் கணவனின் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்தார்.

"அது என்ற வேட்டியாச்சே" என்றார் திருமலைசாமி.

"அவரு வேட்டி மேல பந்தியில ரசம் கொட்டிருச்சுங்க. நாந்தான் குடுத்தேன்" என்றார் நாச்சியம்மாள்.

"பந்தி தாரைக்கு அப்பறந்தான? அதுக்கு முன்னால எங்க போயி ரசம் குடிச்சான்?"

மானசா முகத்தை முழங்காலில் புதைத்துச் சிரித்தாள்.

அடுத்த காட்சியில் மானசா மாலையோடு ஒரு போனை உயர்த்திப் பிடித்திருந்தாள். போனுக்குள் சின்னதாக ஒரு முகம்: ஆஸ்பத்திரியின் பச்சைத் துணி, சவரம் செய்யாத தாடை, கலைந்த தலை. ஆசீர்வாதம் என்று தூக்கிய கையில் ஊசிக் குழாய் ஒட்டியிருந்தது. புவனா இதை வைக்கலாமா எடுக்கலாமா என்று பல நாள் யோசித்து வைத்திருந்தாள்.

"வெட்டிப்போடுங்க" என்றார் திருமலைசாமி.

"அப்பா, அது இருக்கட்டும்" என்றாள் மானசா.

"கல்யாணத்துல பொண்ணுக்கு அப்பன் இந்தக் கோலத்துலயா நிப்பான்?"

"கல்யாணத்துல நீங்க இருந்ததே அந்த ஒரு எடத்துலதானுங்களே" என்றார் நாச்சியம்மாள்.

புவனா கையை மவுஸ் மேல் வைத்துக் காத்திருந்தாள். மறுபடி வெட்டச் சொன்னால் வெட்டுவாள். அவருடைய கல்யாண வீடு. படம் நின்றபடி இருந்தது. திருமலைசாமி முன்னால் குனிந்து தன் முகத்தையும், அதைப் பிடித்திருந்த மகளின் மருதாணிக் கையையும் பார்த்தார்.

"இருக்கட்டும்" என்றார் கடைசியில். "ஆனா அம்மணி, அந்தப் பச்சைத் துணிய மட்டும் வெள்ளையா மாத்திப்போட முடியுங்களா?"

காலையிலிருந்து உண்மையான நிறத்துக்காக மல்லாடியவள் புவனா. அந்தப் பச்சையை மட்டும் தேர்ந்தெடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக நிறத்தை வடியவிட்டாள். டிவியில், போனுக்குள் இருந்த மனிதருக்கு வெள்ளைச் சட்டை வந்தது.

"இப்பச் சரி" என்றார் திருமலைசாமி. "மொதல்ல இருந்து போடுங்க."