கை என்று பெயர் வைத்த செயலி

புத்தளம் உப்பளத்தில் நான் ஆள் கூப்பிடுகிறவனாக இருந்தேன். உப்பு வாரும் காலத்தில் விடியும்போதே பெண்கள் சந்தியில் வந்து நிற்பார்கள். அன்றைக்குத் தேவையானவர்களைத் தெரிந்தெடுத்து லொறியில் ஏற்றுவது என் வேலை. பெயர் சொல்லிக் கூப்பிட எனக்குக் கூச்சம். வலது கையைத் தோளுயரம் தூக்கி, ஆளின் முகத்தைப் பார்த்து இறக்குவேன். அவர் வந்து ஏறிக்கொள்வார்.

யுத்தம் முடிந்து சில வருடங்களில் கம்பனி எல்லாவற்றையும் கணினிக்கு மாற்றியது. உப்பை நிறுக்க ஒரு செயலி, களஞ்சியத்துக்கு ஒன்று, சம்பளத்துக்கு ஒன்று. நான்காவதாக ஆள் எடுப்பதற்கும் ஒன்று செய்ய, கொழும்பிலிருந்து ஒரு பெண்பிள்ளை மடிக்கணினியோடு வந்தார். மெனேஜர் என்னையும் தன் கந்தோர் அறைக்குள் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். நான் கதிரையின் நுனியில் இருந்தேன்.

அவர் என்னை அண்ணன் முறை வைத்து ‘நானா’ என்று கூப்பிட்டு, முதல் மூன்றையும் திரையில் காட்டினார். எல்லாம் ஒரே நீலச் சதுரம், மூலைகள் மட்டும் வளைந்தவை. நடுவில் வெள்ளைக் கோட்டில் ஒன்றில் தராசு, ஒன்றில் சாக்கு, ஒன்றில் கடித உறை. பெயர்களும் சின்னவை: எடை, சாக்கு, சம்பளம்.

“இது நாலும் ஒரே வீட்டுப் புள்ளைகள் மாதிரி இரிக்கணும் நானா. ஆனா ஆளுக்கு ஆள் வித்தியாசமும் தெரியணும். நாலாவதுக்கு ‘ஆட்சேர்ப்பு’ எண்டு வெப்பமா?”

மெனேஜர் சிரித்துவிட்டார். “மிஸ், அந்தப் பேரக் கேட்டா இங்க ஆக்கள் புள்ளையள ஒளிச்சு வெச்சிருவாங்க. யுத்தத்துக்குப் புள்ளையளப் புடிக்கக்குள்ள கேட்ட சொல்லு அது.”

“அப்ப நானா எப்படிக் கூப்பிடுவாரு?”

“அவரா? அவர்ர வாய நாங்களே இன்னும் கண்டதில்ல. கையாலதான் கூப்பிடுவாரு.”

என்னைக் கையைத் தூக்கிக் காட்டச் சொன்னார்கள். வியர்த்துக்கொண்டு தூக்கினேன். அந்தப் பிள்ளை அதைப் பார்த்தே கோடு போட்டார். நான்காவது செயலிக்குக் ‘கை’ என்று பெயரானது. என் சுண்டுவிரல் முன்பொருமுறை உப்பளத்துப் பம்பு பெல்ட்டில் மாட்டி வளைந்துபோனது. படத்தில் அதை நிமிர்த்திவிட்டார். மற்ற மூன்றிலும் நடுப்படத்தில் வளைந்த கோடு இல்லையாம். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. அன்று வீட்டுக்கு நடக்கும்போது நான் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தேன். அந்தப் பெருமையை இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.

போகும்முன் அவர் ஒன்று கேட்டார். “முகவரிய வெச்சு, உப்பளத்துக்குக் கிட்ட இரிக்கிற ஆக்களுக்கு முதல்ல போன்ல அழைப்புப் போகும். லொறிச் செலவு குறையும். சரிதானே நானா?”

முழுதும் விளங்கவில்லை. திருப்பிக் கேட்கக் கூச்சப்பட்டுத் தலையை ஆட்டினேன்.

பெயர் பதியும் வேலையையும் என்னிடம் தந்தார்கள். சந்திக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் எங்கள் அகதி கேம்ப்காரர்கள். தொண்ணூறில் முஸ்லிம்கள் என்பதற்காக மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்துக்கு வந்தவர்கள். நானும் ஐந்தாம் வகுப்போடு அப்படி வந்தவன். எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. எந்தப் படிவம் வந்தாலும் மன்னார் முகவரியைத்தான் எழுதுவோம். புத்தளம் என்று ஓரிடத்தில் எழுதினாலும் மன்னாரில் வாக்கும் காணியும் போய்விடும் என்ற பயம். செயலியிலும் ஒவ்வொருவரும் மன்னார் முகவரியையே சொன்னார்கள். எனக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை. என் விரலாலேயே எல்லோருக்கும் அழுத்தினேன்.

உப்பு விளைந்தது. ஆள் கூப்பிடும் வேலை செயலிக்குப் போய்விட்டதால், என்னை உப்பளக் கேட்டில் நிற்கச் சொன்னார்கள். லொறியிலிருந்து இறங்கியவர்களில் கேம்ப் முகம் ஒன்றும் இல்லை. இரண்டு நாள், நாலு நாள் பார்த்தேன். எனக்கு அக்கா முறையான பக்கத்து வீட்டு ராத்தாவையும் காணவில்லை. கணவன் மௌத்தாகிப் பத்து வருடம். உப்பு வாரும் மாதங்களில் உழைப்பதை வைத்துத்தான் மற்ற மாதங்களும் அவர் வீட்டில் அடுப்பெரியும். சந்தியில் என் கை முதலில் அவரைப் பார்த்துத்தான் இறங்கும்.

அன்று பின்னேரம் அவர் வாசலில் போனை மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

“தம்பி, இது பழுதா? ஒருக்காலும் அடிக்குதில்ல.”

அப்போதுதான் அந்தக் கடைசிக் கேள்வி எனக்கு நினைவு வந்தது. செயலியின் கணக்கில் ராத்தா மன்னாரில் இருந்தார். அங்கிருந்து விடியற்காலையில் யார் உப்பு வார வருவார்கள்?

கொழும்புக்குப் போன் எடுத்தேன். அந்தப் பிள்ளை பதறித்தான் போனார். “அல்லாஹ், எனக்குத் தெரியாதே நானா. முகவரிய மாத்தினாச் சரி. ஒரு நிமிசம்தான்.”

ராத்தாவிடம் வந்து சொன்னேன். அவர் போனை மடியிலிருந்து எடுக்கவில்லை.

“அப்ப என்னப் புத்தளத்தாள் எண்டு எழுதப் போறீங்க.”

“இது கம்பனிக்கு மட்டும் ராத்தா. வாக்கு லிஸ்டுக்கெல்லாம் போகாது.”

“எது எங்க போகும் எண்டு உங்களுக்குத் தெரியுமா? அண்டைக்கும் நீங்கதானே பதிஞ்சீங்க.”

ராத்தா எழுந்து உள்ளே போய்விட்டார். அந்தியில் மஃரிப் தொழுதுவிட்டுத் திரும்பி வந்து, என் முன்னால் போனை நீட்டினார்.

“கேம்ப், மூணாவது லேன் எண்டு போடுங்க. வீட்டு நம்பரில்ல. இத்தின வருசமா ஒருத்தரும் நம்பர் அடிக்கல்ல.”

மன்னார் முகவரியை ஒவ்வோர் எழுத்தாக அழித்தேன். கிராமத்தின் பெயரின் கடைசி எழுத்துப் போகும்வரை அவர் பார்த்துக்கொண்டே நின்றார்.

மறுநாள் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு அவர் போன் அடித்தது மதிலுக்கு இப்பால் எனக்குக் கேட்டது. சந்தி வரை இருவரும் ஒன்றாக நடந்தோம். லொறியில் ஏறுமுன் போனைத் திருப்பிக் காட்டினார். நீலச் சதுரத்தில் வெள்ளைக் கை, ஐந்து விரலும் நேராக.

“எல்லாரும் சொல்றாங்க, இது உங்கட கையாம். உள்ளதா?”

“இல்ல ராத்தா,” என்றேன்.